தரைக்கு லேமினேட்டா, வினைலா? வாசகர் கேள்வி–பதில்

தரை மாற்ற நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம். அளவுகள் பொதுவானவை. வாங்கும் பெட்டிக்குள் இருக்கும் குறிப்புத்தாள் வேறு அளவு சொன்னால் அதையே கடைப்பிடியுங்கள். உத்தரவாதம் அந்தத் தாளின்படிதான் செல்லும்.

கேள்வி: படுக்கையறை இரண்டு, கூடம் ஒன்று. மூன்றுக்கும் பலகைத் தரை போட ஆசை. கடையில் லேமினேட்டையும் வினைலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசமே தெரியவில்லை. இரண்டுமே தண்ணீர் தாங்கும் என்கிறார்கள். எதை எடுப்பது?

மேல் முகத்தைப் பார்த்தால் தெரியாது. இரண்டிலும் கண்ணுக்குத் தெரிவது அச்சிட்ட மரப் படம்தான். மாதிரித் துண்டைப் பக்கவாட்டில் திருப்பி, வெட்டுமுகத்தைப் பாருங்கள்.

லேமினேட்டின் வெட்டுமுகம் பழுப்பாக, இறுக்கி அழுத்திய தடித்த அட்டை போல இருக்கும். மர நாரையும் பிசினையும் கலந்து சூட்டில் அழுத்திச் செய்த ஹெச்.டி.எஃப். பலகை அது. அதன்மேல் படம் அச்சிட்ட தாள். அதற்கும் மேல் மெலமைன் பிசினும் அலுமினியம் ஆக்சைடு துகளும் சேர்ந்த கடினமான பூச்சு. பலகை வளைந்துவிடாமல் சமன் செய்ய அடியிலும் ஒரு தாள் ஒட்டியிருப்பார்கள்.

வினைல் என்றால் பி.வி.சி. அது மூன்று உருவத்தில் வருகிறது: சுருளாக வரும் ஷீட், 2 முதல் 3 மி.மீ. கனத்தில் பசை போட்டு ஒட்டும் மெல்லிய பலகை, 4 முதல் 6 மி.மீ. கனத்தில் ஒன்றோடொன்று கோத்துப் பூட்டும் எஸ்.பி.சி. பலகை. இப்போது கடைகளில் அதிகம் காட்டுவது கடைசி வகையைத்தான். சுண்ணாம்புக்கல் தூளும் பி.வி.சி.யும் கலந்த நடு அடுக்கு அதற்கு. வெட்டுமுகம் சாம்பல் நிறத்தில் இருக்கும், கையில் எடுத்தால் கனக்கும், கத்தியால் கீறினால் வெளிறிய பொடி உதிரும்.

உங்கள் முடிவு இந்த வெட்டுமுகத்தைப் பொறுத்தது. மர நார் ஈரம் குடிக்கும், கல்தூள் குடிக்காது. “தண்ணீர் தாங்கும் லேமினேட்” என்றால், மேலே சிந்திய தண்ணீர் குறிப்பிட்ட நேரம்வரை இணைப்புக்குள் இறங்காது என்று பொருள். 24 மணி நேரம், 72 மணி நேரம் என்று பெட்டியில் போட்டிருக்கும். அடியிலிருந்து ஏறும் ஓதத்துக்கும், சுவரோர இடைவெளி வழியாக இறங்கும் தண்ணீருக்கும் அந்த உறுதி பொருந்தாது.

ஆகவே மாடியில் இருக்கும் உலர்ந்த படுக்கையறைக்கு லேமினேட்டையே சொல்வோம். கீறலை அது நன்றாகத் தாங்கும், வெயில் சூட்டில் வினைல் அளவுக்கு விரியாது, காலுக்கு மரத்தின் உணர்வும் கிடைக்கும். கூடத்துக்கு வெளிவாசல் இருந்து, மழைநாளில் ஈரக்கால்கள் நேராக உள்ளே வரும் என்றாலோ, துணியைச் சரியாகப் பிழியாமலே வீடு துடைப்பது வழக்கம் என்றாலோ எஸ்.பி.சி. எடுங்கள். மூன்று அறைக்கும் ஒரே பொருள்தான் வேண்டும் என்று கட்டாயமில்லை. வாசற்படியில் ஒரு இணைப்புப் பட்டை வைத்தால் இரண்டும் அழகாகச் சேரும்.

கடையில் இரண்டு லேமினேட் மாதிரிகளுக்கு இடையில் தடுமாறினால், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரே அளவுத் துண்டு வாங்கி, கனத்தை அளந்துகொண்டு, தண்ணீரில் ஒரு நாள் முழுக்க மூழ்கவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். இரண்டும் ஊதும். எது குறைவாக ஊதுகிறதோ அதன் நடுப்பலகை நல்லது. எந்த விளம்பரத் தாளையும்விட இந்தச் சோதனையை நம்பலாம்.

கேள்வி: சமையலறை வாசலை ஒட்டிய லேமினேட் பலகைகளின் ஓரங்கள் மேடு தட்டிவிட்டன. போட்டு எட்டு மாதம்தான் ஆகிறது. காய்ந்தால் சரியாகிவிடுமா?

ஆகாது. அழுத்தத்தில் நெருக்கி வைத்திருந்த நார் ஈரம் பட்டதும் தளர்ந்து விரிந்துவிடும். ஈரம் காய்ந்தாலும் அது பழைய நெருக்கத்துக்குத் திரும்பாது. மேட்டைத் தேய்த்துச் சமன்செய்யவும் முடியாது. மேலே இருப்பது தாள் என்பதால் முதல் தேய்ப்பிலேயே படம் போய்விடும்.

மாற்றுவதற்கு முன், ஈரம் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் புதிய பலகைக்கும் அதே கதிதான். சன்னல் வெளிச்சம் சாய்வாக விழும் நேரத்தில் தரையோடு கண்ணை வைத்துப் பாருங்கள். பலகையின் நடுப்பகுதி தட்டையாக இருந்து, இணைப்புகள் மட்டும் மெல்லிய வரப்பு போல எழுந்திருந்தால் தண்ணீர் மேலிருந்து இறங்கியிருக்கிறது. ஒவ்வொரு பலகையும் நடுவில் குழிந்து இரு ஓரமும் தூக்கிக்கொண்டு தாம்பாளம் போல இருந்தால் ஈரம் அடியிலிருந்து வருகிறது. பலகைகள் எல்லாம் சேர்ந்து கூடாரம் போல எழும்பி, மிதித்தால் அமுங்கினால், சுவரோரத்தில் விரிய இடம் விடவில்லை என்று அர்த்தம்.

உங்களுடையது முதல் வகையாகத் தெரிகிறது. தொட்டிக்குக் கீழே உள்ள குழாய் மூட்டு, துணி துவைக்கும் இயந்திரத்தின் நீர்க்குழாய், குளிர்பெட்டியின் பின்புறம் ஆகிய மூன்றையும் கையால் தடவிப் பாருங்கள். கசிவை அடைத்து, சுவரடிப் பட்டையைக் கழற்றி, அந்தப் பக்கத்திலிருந்து வரிசை வரிசையாகப் பலகையைக் கழற்றி, அடியில் நன்றாகக் காயவிட்டு மாற்ற வேண்டும். திரும்பப் போடும்போது சமையலறைப் பக்கச் சுவரோர இடைவெளியில் அமுங்கும் ஃபோம் கயிற்றைச் செருகி, அதன்மேல் சிலிக்கான் அடைத்துவிடுங்கள். கயிறு இல்லாமல் முழுக்க சிலிக்கானை நிரப்பக் கூடாது. பலகைக்கு விரிய இடமிருக்காது.

கேள்வி: 12 மி.மீ. லேமினேட் நல்லதா, 8 மி.மீ. போதுமா? பெட்டியில் இருக்கும் ஏசி 3, ஏசி 4 என்பதெல்லாம் என்ன? வினைலில் “20 மில்” என்று போட்டிருக்கிறதே, அவ்வளவு கனமா?

கனம் வேறு, உழைப்பு வேறு. ஏசி எண் லேமினேட்டின் மேற்பூச்சுக்கானது. தேய்மானம், அடி, கறை, சூடு என்று பல சோதனை வைத்து, அவற்றில் எது குறைவோ அதைக் கொண்டே எண் தருவார்கள். வீட்டுக்கு ஏசி 3 போதும். பிள்ளைகள், நாய், நடமாட்டம் அதிகமுள்ள கூடத்துக்கு ஏசி 4 எடுங்கள். ஏசி 5 கடை, அலுவலகத்துக்கு. வீட்டில் சிலருக்கு அதன் சொரசொரப்பு பிடிப்பதில்லை. ஏசி 3 போட்ட 12 மி.மீ. பலகையைவிட ஏசி 4 போட்ட 8 மி.மீ. பலகையின் முகம் நீண்டநாள் புதிதாக இருக்கும். கனம் கூடினால் நடக்கும்போது வெற்றொலி குறையும், பூட்டு ஆழமாக இருக்கும், தளத்தின் சின்னஞ்சிறு ஏற்ற இறக்கம் தெரியாது. 6 மி.மீ. மட்டும் வேண்டாம், பூட்டின் நாக்கு, அதாவது அடுத்த பலகையின் காடிக்குள் நுழையும் விளிம்பு, மெலிந்து சீக்கிரம் உடைகிறது.

வினைலில் பார்க்க வேண்டியது மேலே இருக்கும் கண்ணாடி போன்ற தேய்மான அடுக்கு. மில் என்பது மில்லிமீட்டர் இல்லை, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 12 மில் என்றால் ஏறக்குறைய 0.3 மி.மீ., 20 மில் என்றால் 0.5 மி.மீ. படுக்கையறைக்கு 0.3 தாங்கும். கூடத்துக்கும் சமையலறைக்கும் 0.5 வாங்குங்கள். விற்பவர் பலகையின் மொத்தக் கனத்தை மட்டும் சொன்னால், இந்த எண்ணைக் கேட்டு வாங்கிவிட்டுத்தான் பேச்சைத் தொடர வேண்டும்.

கேள்வி: பழைய டைல் தரையை உடைக்காமல் அதன்மேலேயே போடலாமா?

போடலாம். உடைக்கும் தூசியும் செலவும் மிச்சம். ஆனால் நான்கு விஷயம் சரியாக இருக்க வேண்டும்.

முதலில், எந்த டைலும் ஆடக் கூடாது. மரச் சுத்தியலின் பிடியால் ஒவ்வொன்றையும் தட்டிக்கொண்டே போங்கள். பொள்ளென்று சத்தம் வரும் டைல் பிடிப்பு விட்டது. அதைப் பெயர்த்து, குழியைச் சாந்தால் நிரப்பி மட்டம் செய்ய வேண்டும்.

அடுத்தது மட்டம். இரண்டு மீட்டர் நீளமுள்ள நேரான அலுமினியப் பட்டியைத் தரையில் நிறுத்தி, அடியில் வெளிச்சம் தெரியும் இடத்தில் அளந்தால் இடைவெளி 3 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. இங்கே பலருக்கு ஒரு குழப்பம் உண்டு. ரசமட்டம் காட்டும் சாய்வு பிரச்சினை இல்லை. தரை முழுவதும் ஒரே சீராகச் சற்றுச் சாய்ந்திருந்தால் பலகை அதோடு படிந்துவிடும். மேடும் பள்ளமுமே எதிரி. பள்ளத்தின்மேல் பாலம் போல நிற்கும் பலகை ஒவ்வொரு மிதிக்கும் வளைகிறது. அந்த வளைவு முழுவதும் பூட்டின் நாக்கில் போய் விழ, சில மாதத்தில் அது முறிகிறது. முதலில் கிரீச்சென்ற சத்தம், பிறகு இணைப்பில் கறுப்புக் கோடு, கடைசியில் ஒரு ஓரம் மேலும் ஒரு ஓரம் கீழுமாக நிற்கும். பள்ளத்தைத் தானாகப் பரவும் சமன்கலவை ஊற்றி நிரப்புங்கள். கூடுதலாக ஒரு ஃபோம் விரிப்பைப் போட்டு மறைக்கப் பார்த்தால் நிலைமை மோசமாகும்.

மூன்றாவது, டைல்களுக்கு இடையிலுள்ள கோடு. அகலம் 5 மி.மீ., ஆழம் 2 மி.மீ. வரை இருந்தால் லேமினேட்டும் எஸ்.பி.சி.யும் பொதுவாகத் தாங்கும். பசை போட்டு ஒட்டும் 2 மி.மீ. வினைல் தாங்காது. சில வாரத்திலேயே கீழுள்ள டைலின் கட்டங்கள் மேலே அப்படியே எழும்பித் தெரியும். அதை ஒட்டுவதானால் டைல் முழுவதன்மேலும் சமன்கலவை பூசித்தான் ஆக வேண்டும்.

கடைசியாகக் கதவு. பலகைக் கனத்தோடு அடியில் போடும் விரிப்பின் கனத்தையும் கூட்டி, அந்த அளவுக்கு அட்டைத் துண்டுகளை அடுக்கிக் கதவுக்கு அடியில் வைத்துத் திறந்து மூடுங்கள். உரசினால் கதவின் அடியைச் சீவ வேண்டும். வெளிவாசல் இரும்புக் கதவாக இருந்தால் இதைக் கடைக்குப் போகும் முன்பே பாருங்கள். 8 மி.மீ. லேமினேட்டும் 2 மி.மீ. விரிப்பும் நுழையாத இடத்தில், விரிப்பு ஒட்டியே வரும் 5 மி.மீ. எஸ்.பி.சி. நுழைந்துவிடும்.

கேள்வி: அடியில் போடும் விரிப்பு தடிமனாக இருந்தால் காலுக்கு மெத்தென்று இருக்கும் அல்லவா?

இருக்கும், பூட்டு முறியும்வரை. லேமினேட்டுக்கு 2 முதல் 3 மி.மீ. போதும். எஸ்.பி.சி.க்கு 1 முதல் 1.5 மி.மீ. கனத்தில், விரலால் அழுத்தினால் எளிதில் அமுங்காத கெட்டியான வகை வேண்டும். பலகையின் அடியிலேயே விரிப்பு ஒட்டி வந்திருந்தால் இன்னொன்று போடவே கூடாது.

கேள்வி: தரைத்தளத்தில் இருக்கிறோம். மழைக்காலத்தில் சிமென்ட் தரை குளிர்ந்து கசிவது போலத் தெரிகிறது. வினைல் போட்டால் பிரச்சினை தீருமா?

மறையும், தீராது. எஸ்.பி.சி. பலகைக்கு ஓதத்தால் ஒன்றும் ஆகாது என்பது உண்மை. ஆனால் மேலே மூடியதும் ஈரம் வெளியேற வழியில்லாமல் பலகைக்கு அடியில் தங்கி, பூஞ்சை பிடித்து, சுவரோரம் வழியாக வாடை வரத் தொடங்கும். பசை போட்டு ஒட்டும் வினைலுக்கு இன்னும் கேடு. சிமென்ட்டின் காரம் கலந்த ஈரம் பசையைக் கூழாக்கிவிடும்.

முதலில் சோதித்துப் பாருங்கள். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கனமான தெளிந்த பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, மூன்று நாள் விடுங்கள். அடிப்பக்கம் துளி கோத்திருந்தாலோ, தாளுக்குக் கீழே சிமென்ட் கறுத்திருந்தாலோ ஈரம் மேலேறுகிறது. சுவரோரம், அறை நடு, வெளிச்சுவரை ஒட்டிய மூலை என்று மூன்று இடத்தில் பாருங்கள், மழைக்காலத்தில் பாருங்கள்.

லேசான ஈரத்துக்கு 0.2 மி.மீ. பாலித்தீன் தாள் போதும். ஒரு தாளின்மேல் அடுத்தது 20 செ.மீ. ஏறும்படி போட்டு, சேர்க்கையில் டேப் ஒட்டி, சுவரில் சில செ.மீ. ஏற்றிவிட்டு, சுவரடிப் பட்டை அடித்தபின் மிச்சத்தை அறுக்க வேண்டும். தாளில் துளிகள் வழியும் அளவுக்கு ஈரம் இருந்தால் தரைக்கு எபாக்ஸி ஈரத்தடுப்புப் பூச்சு அடிக்காமல் இரண்டில் எதையும் போடாதீர்கள். லேமினேட்டை அங்கே நினைக்கவே வேண்டாம். மண்ணிலிருந்து கரையான் ஏறும் வீடென்றால் இன்னொரு காரணமும் சேர்கிறது: லேமினேட்டின் நடுப்பலகை அதற்கு உணவு, எஸ்.பி.சி. உணவல்ல.

புதிதாகப் போட்ட சிமென்ட் தளம் நல்ல காற்றோட்டத்தில் நாளொன்றுக்கு 1 மி.மீ. கணக்கில் உலரும் என்பார்கள். 5 செ.மீ. தளத்துக்கு ஐம்பது நாள். அதற்கும் கனமானால் வேகம் குறையும். மேற்பரப்பு வெளுத்துவிட்டது என்பதை நம்பி அவசரப்படாதீர்கள்.

கேள்வி: பெரிய கண்ணாடிச் சன்னலுக்கு எதிரே எஸ்.பி.சி. பலகைகள் கோடையில் நடுவில் தூக்கிக்கொண்டன. பொருள் மட்டமா, போட்டவர் பிழையா?

பெரும்பாலும் போட்டதில் உள்ள பிழை. லேமினேட் ஈரப்பதத்துக்கு விரியும், வினைல் சூட்டுக்கு விரியும். கண்ணாடி வழியாக வெயில் நேரே விழும் இடத்தில், அதுவும் கருநிறப் பலகையில், சூடு அறையின் வெப்பத்தைவிட மிக அதிகமாக, சட்டென்று ஏறும். விரிய வழியில்லாதபோது பலகை மேலே எழும்புகிறது.

சுவரடிப் பட்டையைக் கழற்றிச் சுற்றிலும் பாருங்கள். லேமினேட்டுக்கு 8 முதல் 10 மி.மீ., எஸ்.பி.சி.க்கு 5 முதல் 8 மி.மீ. இடைவெளி சுவர், தூண், குழாய், கதவு நிலை எல்லாவற்றைச் சுற்றியும் இருக்க வேண்டும். சுவரோரம் இடைவெளி விட்டுவிட்டுக் கதவு நிலையின் கட்டையில் பலகையை இறுக்கி முட்டவிடுவது நிறைய வீடுகளில் நடக்கிறது. நிலையின் அடியைப் பலகைக் கனத்துக்கு அறுத்து, பலகையை உள்ளே நுழைத்திருக்க வேண்டும். தரையில் திருகி முடுக்கிய அலமாரி, கதவு நிறுத்தி, இடைவெளியில் உறைந்துபோன சாந்து இவையும் அதே வேலையைச் செய்யும். சுவரடிப் பட்டையின் ஆணி சுவரில் இறங்க வேண்டும், பலகையில் அல்ல.

முட்டும் இடத்தை அறுத்துவிட்டால், பூட்டு முறியாத பட்சத்தில், பலகைகள் ஓரிரு நாளில் தாமாகவே படியும். பிறகு அந்தச் சன்னலுக்கு ஒரு திரை போடுங்கள்.

கேள்வி: வினைல் தரையில் கால்மிதியை எடுத்தபோது மஞ்சள் நிறத்தில் அதே வடிவத்தில் கறை. எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகவில்லை.

போகாது. ரப்பரில் கலந்திருக்கும் வேதிப்பொருள் வினைலுக்குள் ஊறி நிறம் மாறியிருக்கிறது. கறை மேலே இல்லை. அந்தப் பலகையை மாற்றுவது ஒன்றே வழி. இனி ரப்பர் அடிப்பாகம் உள்ள மிதி, நாற்காலிக்கு ரப்பர் குமிழ், உடற்பயிற்சி சைக்கிளின் டயர் எதையும் வினைல்மேல் நேரடியாக வைக்காதீர்கள். துணி மிதி, ஃபெல்ட் ஒட்டு போதும். சக்கரம் வைத்த அலுவலக நாற்காலிக்கு மென்சக்கரம் மாட்டுங்கள். இது லேமினேட்டுக்கும் பொருந்தும்.

கேள்வி: குளியலறைக்கு எஸ்.பி.சி. போடலாமா?

குளிக்கும் இடத்துக்கு வேண்டாம். அங்கே தரை வடிகாலை நோக்கிச் சாயும். பூட்டிய பலகை அந்த மடிப்புகளில் படியாது, இணைப்பு வழியாக இறங்கும் தண்ணீர் திரும்ப வராது. வினைல்தான் வேண்டுமென்றால் முழுக்க ஒட்டி, சேர்க்கைகளைச் சூட்டில் உருக்கி மூடும், ஈர இடத்துக்கென்றே செய்த ஷீட் போடுங்கள். வழுக்கல் தாங்கும் தரம் ஆர்10 அல்லது அதற்கு மேல் இருக்கட்டும், முதியவர்கள் இருந்தால் கட்டாயமாக.

கேள்வி: அறை 4.2 மீட்டர் நீளம், 3.1 மீட்டர் அகலம். எத்தனை பெட்டி வாங்குவது? வரிசையை எங்கே தொடங்குவது?

பரப்பு 13.02 சதுர மீட்டர். வெட்டுக் கழிவுக்கு 10 சதவீதம் சேர்த்தால் 14.32. பெட்டிக்கு 2.2 சதுர மீட்டர் என்றால் 6.5 பெட்டி, அதாவது 7. அறையைச் சதுர அடியில் அளந்திருந்தால் 10.76ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பெட்டியிலும் தயாரிப்புத் தொகுதி எண் ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். எண் மாறினால் நிறமும் சற்று மாறலாம்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டிகளைப் பிரிக்காமல், போடப்போகும் அறையிலேயே தரையில் படுக்கவைத்து 48 மணி நேரம் விடுங்கள். சுவரில் சாய்த்தால் பலகை வளையும்.

முதல் பலகையை வைக்கும் முன் கடைசி வரிசையைக் கணக்கிட வேண்டும். அகலம் 310 செ.மீ.; இரு பக்கமும் 1 செ.மீ. இடைவெளி போக 308. பலகை அகலம் 19 செ.மீ. என்றால் 16 முழு வரிசைக்கு 304 போய், கடைசிக்கு 4 செ.மீ. கீற்றுதான் மிஞ்சும். அவ்வளவு மெல்லிய துண்டு பூட்டிலும் நிற்காது, கண்ணுக்கும் நன்றாக இருக்காது. அந்த 4ஐ ஒரு முழுப் பலகையின் 19ஓடு கூட்டி இரண்டால் வகுத்தால் 11.5. முதல் வரிசையையும் கடைசி வரிசையையும் 11.5 செ.மீ.க்கு அறுத்து, நடுவில் 15 முழு வரிசை போடுங்கள். அடுத்தடுத்த வரிசைகளின் முனை இணைப்புகள் ஒன்றுக்கொன்று 30 செ.மீ.யாவது தள்ளி இருக்கட்டும். முந்தைய வரிசையில் அறுத்த மிச்சம் 30 செ.மீ.க்கு மேல் இருந்தால் அதைக் கொண்டே அடுத்ததைத் தொடங்கலாம், கழிவு குறையும். ஒரே வீச்சில் 8 மீட்டருக்கு மேல் லேமினேட் போகும் கூடமென்றால் நடுவில் விரிவுப் பட்டை வேண்டும்.

கேள்வி: தவழும் குழந்தை இருக்கிறது. வினைல் வாடை கவலை தருகிறது. லேமினேட்டில் ஃபார்மால்டிஹைடு உண்டென்கிறார்களே?

இரண்டு கவலையும் நியாயமானவை. இரண்டுக்கும் பெட்டியிலேயே விடை இருக்கும். ஃபார்மால்டிஹைடு என்பது லேமினேட்டின் பிசினிலிருந்து வெளிவரும் வாயு; அதற்குப் பெட்டியில் ஈ1 அல்லது அதைவிடக் கடுமையான உமிழ்வுத் தரம் இருக்க வேண்டும். வினைலில் தாலேட் சேர்க்காதது என்ற குறிப்பைத் தேடுங்கள். பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெய்ப் பொருள் அது. மெத்தென்ற ஷீட்டில்தான் மென்மையாக்கி அதிகம், கெட்டியான எஸ்.பி.சி.யில் குறைவு. இந்தக் குறிப்பு எதுவும் இல்லாத மலிவுச் சரக்கை வாங்காதீர்கள். போட்டபின் சில நாள் சன்னலைத் திறந்துவைத்துவிட்டுக் குழந்தையை விடுங்கள். பசை போட்டு ஒட்டியிருந்தால் இன்னும் சில நாள் கூட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய வீடு. தரையில் 9 அங்குலச் சதுர வினைல் துண்டுகள் ஒட்டியிருக்கின்றன. சுரண்டி எடுத்துவிட்டுப் புதியது போடலாமா?

சுரண்டாதீர்கள், தேய்க்காதீர்கள், உடைக்காதீர்கள். 1980களுக்கு முன் செய்த இந்த அளவுத் துண்டுகளிலும், அடியிலுள்ள கறுப்புப் பசையிலும் ஆஸ்பெஸ்டாஸ் நார் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. அசையாமல் இருக்கும்வரை ஆபத்தில்லை. தூளானால் நுரையீரலுக்குப் போகும். ஆய்வகத்தில் சோதித்துக்கொள்ளுங்கள். துண்டுகள் உறுதியாக, சமமாக இருந்தால் அவற்றை அப்படியே விட்டு, மேலே ஆணியோ பசையோ இல்லாமல் மிதக்கும் எஸ்.பி.சி. அல்லது லேமினேட் போட்டு மூடலாம். பெயர்ந்து நொறுங்கும் நிலையில் இருந்தால் அதற்குரிய பாதுகாப்போடு அகற்றும் தொழில்முறை ஆட்களைத்தான் அழைக்க வேண்டும்.

கேள்வி: அறை நடுவில் ஒரே ஒரு பலகை உடைந்தால் மொத்தத்தையும் பிரிக்க வேண்டுமா?

லேமினேட்டில் சின்னக் குழி என்றால் அதே நிற மெழுகுக் குச்சியை உருக்கி நிரப்பி, பிளாஸ்டிக் தகட்டால் வழித்துவிடலாம். தள்ளிப்போடாதீர்கள், திறந்திருக்கும் நார் ஒவ்வொரு துடைப்புக்கும் ஈரம் குடிக்கும். பசை போட்டு ஒட்டிய வினைல் இந்த விஷயத்தில் மிக எளிது. முடி உலர்த்தும் கருவியால் பலகையைச் சூடாக்கி, ஓரத்தில் தகடு விட்டு நெம்பினால் வந்துவிடும். பழைய பசையைச் சுரண்டி, புதியதை ஒட்டி, மேலே பாரம் வைத்தால் முடிந்தது.

பூட்டிய பலகையில் அருகில் உள்ள சுவர்வரை வரிசைகளைக் கழற்றிவருவதே சுத்தமான வழி. அது முடியாத இடத்தில், உடைந்த பலகையின் உட்பக்கம் ஓரத்திலிருந்து 3 செ.மீ. தள்ளிச் செவ்வகமாக அறுத்து எடுத்து, மிச்ச ஓரங்களைப் பக்கத்துப் பலகையின் காடி சிதையாமல் கழற்றுங்கள். புதிய பலகையில் ஒரு நீளப்பக்கத்து நாக்கையும், காடியின் கீழுதட்டையும் சீவிவிட்டு, அந்த ஓரங்களில் பசை தடவி மேலிருந்து இறக்கி, 24 மணி நேரம் பாரம் வையுங்கள். இதற்கெல்லாம் அதே தொகுதிப் பலகை கையில் இருக்க வேண்டும். மிஞ்சியவற்றில் நான்கைந்தைப் பெட்டியோடு, கட்டிலுக்கு அடியில் படுக்கைவாட்டில் எடுத்துவையுங்கள்.